ஒத்தைக் கைச் சட்டை

எடுத்துக்கிடுங்க, கூச்சப்படாதீங்க. உளுந்தங்களிதான், கருப்பட்டி போட்டது. காலையில வெள்ளனே எந்திரிச்சு நானே கிண்டினேன். இன்னும் லேசாச் சூடு இருக்கு பாருங்க. தூக்குச்சட்டிக்கு உறை போட்டிருக்கேன்லா, அதான். அந்த உறையும் நான் பின்னினதுதான், குரோஷா ஊசியில. இனிப்பு சரியா இருக்கா? சரியா இருக்குன்னா சரி. எனக்கு இப்பல்லாம் நாக்குல ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. உப்பு போட்டமா இல்லையான்னு எங்க வீட்டுக்காரவுகளைக் கூப்பிட்டுத்தான் கேக்கேன். அவுக பாவம், எதைக் குடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு"ம்பாவ. அன்னைக்கு ரசத்துல உப்பே போடலைன்னு எம் மகன் வாயில வச்ச பெறகு சொல்லித்தான் தெரியும். இவுக அதுக்குள்ள முழுச் சோத்தையும் சாப்பிட்டுக் கையக் கழுவிட்டாவ.

களி எம் மருமகளுக்குன்னு கொண்டு போனது. சங்கரன்கோவில்தான் அவளுக்கு அம்மா வீடு. கூட்டிட்டு வந்துரலாம்னு தூத்துக்குடியில இருந்து காலையிலயே பஸ் ஏறிப் போனேன். வரலை. அதான் களி திரும்பி வருது. வரமாட்டேன்னு அவ சொல்லலை பாத்துக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதை மட்டும் சொல்லுங்க அத்தை, இப்பவே சேலையை மாத்திட்டு உங்க கூடக் கிளம்புதேன்னா. நான் சொல்லலை. சொல்லியிருந்தா இப்ப நீங்க இருக்கிற சீட்டுல அவ இருந்திருப்பா.

எம் மகன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பான். துரைன்னு கூப்பிடுவோம், இசக்கிதுரை. உப்பளத்துக் கம்பெனியில லாரி ஓட்டுதான். நேத்து என்கிட்ட சொல்லிட்டான். "நீ போயிக் கூப்பிடு, வந்தா பாப்போம். வரலைன்னா நானும் சங்கரன்கோவிலுக்கே போயிருதேன், அங்க மாமா தறிக்கூடத்துல ஏதாவது வேலை பாத்துக்கிடுதேன்"னான். சத்தம் போட்டுச் சொல்லலை. ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே சொன்னான். ஒத்தைப் பிள்ளை எனக்கு. அவன் போயிட்டான்னா அந்த வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரவுகளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

நான் மருமகளைக் கொடுமைப்படுத்துற ரகம் இல்லை. தெருவுல யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. செல்வக்கனின்னு பேரு. கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கே கனின்னு கூப்பிட ஆரம்பிச்சேன், இந்நாள் வரைக்கும் மரியாதை இல்லாம ஏட்டின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு வீட்டுல போரடிக்கும்னு ஊசியைக் கையில குடுத்ததும் நான்தான். எனக்கு அது ஒரு கிறுக்கு. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, தண்ணிக் குடத்துக்கு மூடி, ரிமோட்டுக்குப் பை. இந்த வீட்டுல உறை போடாம இருக்கது நாம ரெண்டு பேருதான்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லுவாவ. கேலிதான். ஆனா அவுக கண்ணாடிக் கூட்டுக்கும் நான்தான் பின்னிக் குடுத்தேன், அதை யாராவது தொட்டா கோவம் வரும்.

கனிக்குச் சூட்டிகையான கை. சங்கிலிப் பின்னல் போடச் சொல்லிக் குடுத்தேன், அடுத்த வாரமே பூப் போட்டுட்டா. அடுக்களையில நான் பாகு காய்ச்சிக்கிட்டு நிப்பேன், அவ வாசப்படியில உக்காந்து பின்னுவா. அத்தை கம்பிப் பதம் வந்துட்டான்னு அங்கன இருந்தே கேப்பா. அவ அம்மா அவளுக்குச் சமையல்னு ஒண்ணும் பெருசாச் சொல்லிக் குடுக்கலை. தறி வீடுல்லா, எல்லாரும் எந்நேரமும் வேலை. எங்க வீட்டுச் சமையலை நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆனா மீன்தான் அவளுக்கு ஆகாது. கடல் இல்லாத ஊர்க்காரிக்குக் கடல் வாடையே பிடிக்காது. மூக்கைச் சுருக்கிக்கிட்டு, ஆனா சாப்பிட்டுருவா. வேண்டாம்னு சொல்லவே மாட்டா. அது நல்ல குணம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பெறகு உண்டாயிருந்தா. எங்களுக்குச் சந்தோசம்னா சந்தோசம். ஒரு நாள் கடைக்குப் போனவ பிஸ்தாப் பச்சையில உல்லன் நூல் வாங்கிட்டு வந்து நிக்கா. பிள்ளைக்குச் சட்டை பின்னப் போறேங்கா. எனக்குப் பக்குன்னுட்டு. பொறக்குறதுக்கு முன்னால பிள்ளைக்குப் புதுசு எடுக்கக் கூடாது, எங்க பக்கம் அப்படி. பொறந்த பெறகும் மொதல்ல பழைய வேட்டித் துணியிலதான் சுத்துவோம். அதைச் சொன்னேன். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. நூலை வச்சுக்கிட்டு அப்படியே நிக்கா. பாக்கப் பாவமா இருந்துச்சு.

நான்தான் ஒரு வழி சொன்னேன். எங்க அம்மாச்சி காலத்துல இருந்து உள்ள வழிதான். "சட்டையைப் பின்னு, ஒரு கையை மட்டும் பின்னாம வையி. முடியாத துணி புதுத்துணி இல்லை. பிள்ளை பொறந்து பேர் வச்ச பெறகு அடுத்த கையைப் போட்டுக்கலாம்"னேன். சிரிச்சுட்டா. "அப்ப சாமியை ஏமாத்தச் சொல்லுதீங்களா அத்தை"ன்னா. "ஏமாத்துறது இல்லட்டி, அதுவும் ஒரு மரியாதை"ன்னேன். பாத்தீங்களா, அன்னைக்கு ஒரு தடவை ஏட்டின்னு சொல்லியிருக்கேன். பிரியத்துல சொன்னது.

அந்தச் சட்டை நல்லா வந்துச்சு. கழுத்துல சின்னப் பொத்தானுக்கு ஓட்டை விட்டு, கீழ ஓரத்துல சோழி மாதிரி சுருக்கு வச்சு. ஒத்தைக் கையோட அவ பீரோக் கதவுல மாட்டி வச்சிருந்தா. காலையில எந்திரிச்ச உடனே அதைப் பாக்கணும்னு சொல்லுவா. மனசுக்குள்ள இருந்துச்சு, ஆனா சொல்லலை.

எட்டாம் மாசம். வளைகாப்புக்கு நாள் குறிச்சு, அவ அம்மா வீட்டுல பத்திரிகை குடுக்க ஆரம்பிச்சிருந்தாவ. வளைகாப்பு முடிஞ்சு அவளை அங்க அனுப்புறதா இருந்துச்சு. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். அதுக்குள்ள ஒரு நாள் மத்தியானம் வந்து, "அத்தை, காலையில இருந்து அசையலை"ங்கா. நான் சர்க்கரைத் தண்ணி குடிக்கச் சொன்னேன். குடிச்சா. கொஞ்சம் படுத்துப் பாருன்னேன். படுத்தா. பெறகு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். துரை லோடு ஏத்திட்டு மதுரை போயிருந்தான். ஆசுபத்திரியில பாத்துட்டு, துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாவ. அப்பவும் வலி வரவச்சுத்தான் எடுக்கணும்னாவ. அவ எல்லாத்தையும் பட்டா. சும்மா இல்லை, ராத்திரி பூராவும் பட்டா. ஒரு சத்தம் போடலை.

ஆம்பளைப் பிள்ளை.

டாக்டரம்மா நல்லவுகதான். அம்மா பாக்கணும்னா காட்டலாம், அது நல்லதுதான்னு சொன்னாவ. வேண்டாம்னு நான் சொல்லிட்டேன். என்னத்துக்கு? பாத்துட்டு அந்த மூஞ்சியை ஆயுசு பூரா நினைச்சுக்கிட்டுக் கிடக்கணுமா? பாக்காத மூஞ்சின்னா மறந்துரலாம். அவ மயக்கத்துல, "அத்தை, எங்க"ன்னு கேட்டா. "நீ மொதல்ல தூங்கு"ன்னேன். தூங்கிட்டா. முழிக்கதுக்குள்ள ஆம்பளைங்க கொண்டு போயிட்டாவ. துரை வந்து சேந்தவன் பொட்டலத்தைக் கையில வாங்கும்போதே கண்ணை மூடிக்கிட்டான். மண்ணுக்குள்ள வைக்கிற வரைக்கும் தொறக்கவே இல்லைன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாவ. அவன் மேல குறை சொல்ல முடியாது. ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் தாங்காது.

நீங்க சாப்பிடுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்.

அவ அம்மா வந்தாவ. ஆவுடையம்மான்னு பேரு. மகளை நாங்க கூட்டிட்டுப் போறோம் மைனின்னாவ. நான்தான் விடலை. "எங்க வீட்டுல நடந்தது, எங்க வீட்டுலயே அவளைத் தேத்தி அனுப்புதேன்"னேன். பெத்த உடம்பு பச்ச உடம்பு. பிள்ளை இருந்தாலும் இல்லைன்னாலும் உடம்புக்கு அது தெரியவா போகுது? பத்தியம் பாக்கணும். நான் ஒண்ணுலயும் குறை வைக்கலை. காலையில பூண்டை நல்லெண்ணெயில வதக்கி, மிளகு பொடிச்சுப் போட்டுக் குழம்பு. மத்தியானம் முருங்கைக்கீரை. பால் சுறா கிடைச்ச அன்னைக்குப் புட்டு. அது ஒரு பெரிய வேலை. சுறாவை அவிச்சு, தோலை உரிச்சு, தண்ணியை ஒட்டப் பிழிஞ்சு, முள்ளு பாத்து உதிர்க்கணும். பெறகு சின்ன உள்ளி, பூண்டு, இஞ்சி எல்லாம் பொடிசா அரிஞ்சு வதக்கி, அதுல இதைப் போட்டுப் பொலபொலன்னு வர வரைக்கும் கிண்டணும். கனிக்கு அந்த வாடை ஆகாது. ஆனாலும் தட்டை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிட்டா. நான் எதிர்ல உக்காந்து, இன்னும் ரெண்டு வாய், இன்னும் ரெண்டு வாய்ன்னு குடுத்தேன்.

அவளுக்குப் பால் கட்டிக்கிட்டு. ஆசுபத்திரியில பால் நிக்கதுக்கு மாத்திரை எழுதித்தான் குடுத்தாவ. மாத்திரையெல்லாம் சூடு, வேண்டாம்னு நான்தான் சொன்னேன். நெஞ்சு ரெண்டும் கல்லா வீங்கி, காய்ச்சல் வந்து, சட்டையெல்லாம் நனைஞ்சு நனைஞ்சு. சாயங்காலம் ஆனா மல்லியப்பூ வாங்கியாந்து நெஞ்சுல வச்சுக் கட்டி விட்டேன். பூவை வச்சுக் கட்டினா பால் வத்திரும். நானேதான் கட்டி விட்டேன், அடுத்தவுக கையை விடலை. மறுநாள் காலையில பூண்டுக் குழம்பு. சாயங்காலம் பூவு. இப்படியே ஓடுச்சு. இப்ப அவ தலையில பூவே வைக்க மாட்டேங்கா. இன்னைக்கும் ஒரு முழம் வாங்கிட்டுத்தான் போனேன். வாங்கி, பக்கத்துல இருந்த ஸ்டூல்ல வச்சுட்டா. என்ன கோவமோ தெரியலை.

பக்கத்து வீட்டு லூர்தம்மா ஒரு நாள் அடுக்களைக்குள்ள வந்து சட்டியை எட்டிப் பாத்துட்டு, "ஏக்கா, சுறாப்புட்டு பால் ஊறுததுக்குல்லா குடுப்பாவ, இவளுக்கு என்னத்துக்கு"ன்னு கேட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். பெத்தவளுக்கு என்ன குடுக்கணுமோ அதைத்தான குடுக்க முடியும்? பிள்ளை பொறந்து தங்கலைன்னா அதுக்குன்னு ஒரு சமையல் இருக்கா? இருந்தா சொல்லு, ஆக்கிப் போடுதேன்னேன். எங்க அம்மா எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தா. பூப்பெய்தினவளுக்கு என்ன, மசக்கைக்காரிக்கு என்ன, பிள்ளை பெத்தவளுக்கு என்ன, காய்ச்சல்காரனுக்கு என்ன. இதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. லூர்தம்மா தம்ளரை எடுத்துத் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டா.

அந்த லூர்தம்மாகிட்டதான் ஒரு தடவை சொன்னேன், முன்னாலயே சட்டை பின்னிட்டா, நான் அப்பவே சொன்னேன்னு. வேற யாருகிட்டயும் சொல்லலை. அதுவும் மெதுவாத்தான் சொன்னேன். கனி அடுத்த ரூம்ல படுத்திருந்தா, தூங்கிட்டுத்தான் இருந்தா. அவ மூஞ்சிக்கு நேரா நான் ஒரு குத்தம் சொல்லலை. எத்தனை மாமியார் அப்படி இருப்பா?

நான் அழலைன்னு சிலருக்குப் பேச்சு. சொந்தக்காரி ஒருத்தி கல்நெஞ்சுன்னே சொல்லிட்டுப் போனா. எனக்கும் புரியலை. அழணும்னுதான் இருக்கு. ஊர்ல யாரு செத்தாலும் மொத ஆளாப் போயி ஒப்பாரி வைக்கிறவ நான். இதுக்கு வரலை. உள்ள போயி உக்காந்து பாத்தேன், வரலை. கை எடுத்த வேலையைச் செய்யுது. சோறு பொங்குது, பாத்திரம் விளக்குது. மரத்துப்போன காலை ஊனி நடக்க மாதிரி நடந்துக்கிட்டு இருக்கேன். வலி இருக்கு. எங்கன இருக்குன்னுதான் தெரியலை.

நாப்பது நாள் தீட்டு கழியப் போகுதுன்னு வீட்டைக் கழுவி விட்டேன். அப்பதான் பீரோக் கதவுல அந்தச் சட்டை தொங்குது. அவ குளிக்கப் போயிருந்தா. ஒத்தைக் கைச் சட்டையை யாருக்குப் போட? குடுக்கவும் முடியாது, அப்படிப்பட்ட துணியை அடுத்தவுக வாங்க மாட்டாவ. தூக்கிப் போட மனசு வரலை. அவ கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவளுக்கு எப்படி ஆறும்? நல்ல நூலு வேற. எடுத்துட்டேன். எங்க வீட்டுல எந்த நூலையும் வீணாக்குறதில்லை. பழசாப் போனா பிரிச்சு வேற பின்னிருவோம். அது ஒரு பழக்கம்.

கழுத்துல இருந்து பிரிச்சேன். உருவ உருவ வந்துக்கிட்டே இருந்துச்சு. அவ இறுக்கிப் போடுவா, அதனால நூல் அப்பிடியே சுருள் சுருளா நின்னுட்டு. இட்லிக் கொப்பரை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதோட ஆவியில பிடிச்சு நீவி விட்டேன், சுருக்கு எடுத்துட்டு. பிரிச்ச நூலை அப்படித்தான் சரி பண்ணணும், இல்லைன்னா அடுத்த பின்னல் கோணும். உருண்டையாச் சுத்திப் பாத்தா ஒரு நார்த்தங்காய் அளவுதான் இருந்துச்சு. அம்புட்டுதான் அந்தச் சட்டை. அதுல சாப்பாட்டு மேசைக்கு வட்டமா ஒரு விரிப்பு போட்டேன், சூட்டுப் பாத்திரம் வைக்க. ரெட்டைப் பின்னல், கனமா. நல்லாவே வந்துச்சு. அவளே பாத்தா, என்ன இருந்தாலும் உபயோகமா ஆக்கிட்டாங்கன்னு நினைப்பான்னு இருந்தேன்.

அன்னைக்குத்தான் அவ பிள்ளை பெத்த பெறகு மொதல் தடவையா எங்க கூட மேசையில சாப்பிட வந்தா. தலை குளிச்சு, நெத்தியில பொட்டு வச்சுருந்தா. துரை மூஞ்சியில அன்னைக்குத்தான் ஒரு தெளிச்சி. நான் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வச்சு, அடுப்புல இருந்து சட்டியோட கொண்டாந்து விரிப்பு மேல வச்சேன். கனி அதைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு ரெண்டு கையாலயும் சட்டியைத் தூக்கினா. துணி பிடிக்கலை, வெறுங்கை. கொதிக்கிற சட்டி. தூக்கித் தரையில வச்சா. அதுல குழம்பு சிந்தி விரிப்புல பட்டுட்டு. விரிப்பை எடுத்துட்டுப் போயி கொழாயடியில நின்னு கசக்குதா. கை ரெண்டும் செவந்து கிடக்கு, அதோட கசக்குதா. மஞ்சள் கறை போகுமா? போகலை. துரை எந்திரிச்சுப் போயி கொழாயை அடைச்சு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"என்னம்மா செஞ்ச"ன்னு கேட்டான் என்னைய. என்ன செஞ்சேன்? தூக்கியா எறிஞ்சேன்? எரிச்சேனா? நீங்களே சொல்லுங்க. ஒரு மேசை விரிப்பு. மறுநாள் காலையில பையில ரெண்டு சேலையும் அந்த விரிப்பையும் வச்சுக்கிட்டு, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன் அத்தைன்னு சொல்லிட்டுத்தான் போனா. சண்டை போட்டுக்கிட்டுப் போகலை. சண்டை போட்டிருந்தா சமாதானம் பேசலாம். போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனவகிட்ட என்ன பேச?

கழுகுமலை தாண்டிட்டா? அப்ப உங்க ஊரு கிட்ட வந்துட்டு. கோவில்பட்டிதான நீங்க? சரி, சுருக்கச் சொல்லிருதேன்.

இன்னைக்குப் போனேன். ஆவுடையம்மா, வாங்க மைனின்னு நல்லபடியாத்தான் கூப்பிட்டாவ. காப்பி குடுத்தாவ. வெளிய தறிச் சத்தம், பேசுறது காதுல விழ மாட்டேங்கு. கனி உள்ள பட்டாசாலையில சுவரு ஓரமா உக்காந்திருக்கா. கையில ஊசி. மடியில பச்சை நூலு. நான் பின்னின விரிப்பைத் திரும்பப் பிரிச்சுட்டா. பிரிச்சுச் சட்டையாப் பின்னிக்கிட்டு இருக்கா. அதே கழுத்து, அதே பொத்தான் ஓட்டை. அங்கங்க மஞ்சத் திட்டு. உடம்பு முடிஞ்சுட்டு, ரெண்டு கையும் பாக்கி. யாருக்குட்டின்னு கேக்க வாயெடுத்தேன். கேக்கலை.

வீட்டுக்கு வாம்மா, துரை சோறு திங்க மாட்டேங்கான், நானும் தப்புன்னு தெரிஞ்சா செஞ்சிருப்பேனா, எல்லாம் உன் நல்லதுக்குன்னுதான் செஞ்சேன்னு என்னென்னமோ சொன்னேன். அவ ஊசியைக் கீழ வைக்காம கேட்டுக்கிட்டே இருந்தா. பெறகு நிமிந்து பாத்தா.

"அத்தை, அன்னைக்கு நீங்கதான அவனைக் கையில வச்சிருந்தீங்க. அவன் கை எம்புட்டு நீளம் இருந்துச்சு? அப்ப நான் குத்துமதிப்பாப் போட்டேன். இப்பச் சரியாப் போடணும். அளவு சொன்னீங்கன்னா இப்பவே உங்க கூட வாரேன், பஸ்ல போட்டு முடிச்சுருவேன்"னா.

அளவு கேக்கா. யாரு சாயல்னு கேக்கலை, எப்படி இருந்தான்னு கேக்கலை. அதையெல்லாம் கேட்டா நான் சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். அளவு மட்டும் கேக்கா, கடைக்காரன்கிட்ட கேக்க மாதிரி. ஆவுடையம்மா அடுக்களை வாசல்ல நின்னு, சொல்லிருங்க மைனின்னு சொல்லுத மாதிரி என்னையவே பாக்காவ.

அவன் கை அளவைச் சொன்னா அடுத்து விரலைக் கேப்பா. விரலைச் சொன்னா மூஞ்சியைக் கேப்பா. பெறகு அது எங்க போயி நிக்கும்? இவ்வளவு நாள் நான் கட்டிக் காப்பாத்தினது எல்லாம் என்னத்துக்கு? "துணியோட குடுத்தாவ கனி, நான் சரியாப் பாக்கலை"ன்னேன். அவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தா. "சரி அத்தை"ன்னா. குனிஞ்சு பின்ன ஆரம்பிச்சுட்டா. நானும் தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். துரைகிட்ட போயி என்ன சொல்லன்னு தெரியலை.

பொய்தான். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ, இன்னும் செத்த நேரத்துல எறங்கிப் போயிருவீங்க. பாத்தேன். நர்சு துடைக்க வந்தா, நான் துடைக்கேன்னு வாங்கிக்கிட்டேன். என் பழைய சேலையைக் கிழிச்சுத்தான் சுத்துனேன். துரை மதுரையில இருந்து வந்து சேர நேரமாச்சு. அது வரைக்கும் வராந்தா பெஞ்சுல நானும் அவனும்தான்.

அவன் கை நீளம் இந்தா, என் கையைப் பாருங்க. இந்த மணிக்கட்டுல இருந்து, இந்த நடுவிரல் முளைக்குது பாருங்க, இது வரைக்கும். வச்சுப் பாத்தேன். நகம் எல்லாம் இருந்துச்சு. லேசா வளந்துகூட இருந்துச்சு, வெட்டி விடணும்போல. தலை நெறைய முடி. மூக்கு கனி மூக்கு, அச்சு அசல் அதே மூக்கு. நெத்தியில மட்டும் எங்க துரை. பொறந்தப்ப துரைக்கு இப்படித்தான் புருவத்துக்கு நடுவுல ஒரு சுருக்கு இருந்துச்சு, யாரோ வைஞ்ச மாதிரி. வெதுவெதுன்னு இருந்தான். அவன் உள்ளங்கையில என் விரலை வச்சேன். பிடிக்க மாட்டான்னு தெரியும். வச்சேன். கண்ணு மட்டும் என்ன நிறம்னு எனக்குத் தெரியாது. திறந்து பாக்கப் பயமா இருந்துச்சு. ராசான்னு ஒரு தடவை கூப்பிட்டேன், யாரு காதுலயும் விழாம. பேருன்னு வேற என்ன வச்சுக் கூப்பிட?

ஏம்மா, நீங்க எதுக்கு அழுவுதீங்க? ஐய, கண்ணைத் துடைங்க, பஸ்ல எல்லாரும் பாக்காவ. இந்தாங்க, இந்த முந்தானையில துடைங்க. பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் அவகிட்ட சொல்லலை. முன்னப்பின்ன தெரியாத உங்களுக்கே தாங்கலைன்னா, பெத்தவ எப்படித் தாங்குவா? நான் செஞ்சது சரிதான். எறங்குங்க, கோவில்பட்டி வந்துட்டு, கண்டக்டர் விசில் குடுக்காரு.